ஆறாவது வாரத்தில் யார் துணை?

ஜூலை மாதம் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் சிலவற்றின் முகப்பில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். வாசலில் மாக்கோலம், தாம்பாளத்தில் சந்தனம், குங்குமம், கற்கண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பருவம் மட்டும் இங்கே படிக்க வந்த மாணவர்கள் ஏழெட்டுப் பேரை வரிசையாக நிற்கவைத்து மாலை போடுவார்கள். முதல்வரை நடுவில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். மறுநாள் உள்ளூர்ச் செய்தியில் அது வரும். இந்த உபசாரத்தில் பொய் ஏதும் இல்லை. வந்தவரை மனம் நிறைய வரவேற்கும் பழக்கம் நம்மிடம் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டு நின்றவர்கள் ஆறாவது வாரத்தில் எப்படி இருக்கிறார்கள், யாரோடு சாப்பிடுகிறார்கள், உடம்புக்கு முடியாவிட்டால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டால், பதில் சொல்லப் பெரும்பாலான கல்லூரிகளில் ஆளே இல்லை. என் கவலை இதுதான்.

ஆறாவது வாரம் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் கல்லூரிகளில் முதல் இன்டர்னல் தேர்வு ஏறக்குறைய அப்போதுதான் வரும். வந்த புதிதில் இருந்த வியப்பு அதற்குள் அடங்கியிருக்கும். மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஒரு தடவையாவது வயிறு கெட்டிருக்கும். ஊரில் இருப்பவர்களோடு பேசலாம் என்றால், இங்கே வகுப்பு முடியும் நேரத்தில் அங்கே அவர்கள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து இருக்கை மாணவர் அன்பாகத்தான் பேசுகிறார். ஆனால் நான்கரை மணிக்குக் கல்லூரிப் பேருந்து கிளம்பிவிடும், அவரும் போய்விடுவார். முதல் வாரம் வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைத்த பேராசிரியருக்கு இப்போது பாடத்தை முடிக்கும் நெருக்கடி. நான் பார்த்தவரை, ஒரு பரிமாற்ற மாணவர் அறைக்குள் முடங்கத் தொடங்குவதும், பாதியிலேயே திரும்பிப்போக டிக்கெட் விலை பார்ப்பதும் இந்த வாரங்களில்தான்.

நான்காண்டுப் படிப்புக்கு வருகிறவர் முதல் பருவத்தில் தடுமாறினாலும், பின்னால் தேறிக்கொள்ள அவருக்குக் காலம் இருக்கிறது. பரிமாற்றத் திட்டத்தில் வருபவருக்கு அது கிடையாது. ஒரு பருவம் என்பது 90 வேலை நாள்கள். அதில் ஒன்றரை மாதம் பழகிக்கொள்வதிலேயே கழிந்து, கடைசி மாதம் தேர்வில் போய்விட்டால், இடையில் அவர் இந்த மண்ணில் வாழ்ந்ததாகச் சொல்லிக்கொள்ள மிஞ்சுவது சில வாரங்கள்தான். அதனால் பரிமாற்ற மாணவருக்குச் செய்ய வேண்டிய உதவி, பட்டப்படிப்புக்கு வருபவருக்குச் செய்வதைவிட விரைவாகவும் அடர்த்தியாகவும் இருந்தாக வேண்டும். நடப்பில் இது தலைகீழ். ஐந்து மாதத்தில் போய்விடப் போகிறவர்தானே என்று அவரை விருந்தாளியாகவே வைத்திருந்து அனுப்பிவிடுகிறோம்.

இந்தத் தடுமாற்றத்தை ஆராய்ச்சியாளர்கள் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்கள் 200 பேரை ஆராய்ந்து ஸ்வெரே லிஸ்கார்ட் 1955-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியவர்களும், பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். இடைப்பட்டவர்கள்தான் அதிகம் துவண்டிருந்தார்கள் என்பது அவருடைய முடிவு. முதலில் உற்சாகம், பிறகு சரிவு, மறுபடி மீட்சி என்ற கருத்து அங்கிருந்து பரவியது. 1998-இல் காலீன் வார்டும் அவருடைய சகாக்களும் நியூசிலாந்துக்கு வந்த ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து இதை மறுத்தார்கள். வந்திறங்கிய தொடக்கத்தில்தான் மனச்சோர்வு மிக அதிகம், உற்சாகக் கட்டம் என்று ஒன்று தெரியவில்லை என்றார்கள். இரண்டில் எது சரி என்ற வாதம் ஆய்வாளர்களுக்கு உரியது. கல்லூரி நடத்துகிறவர்களுக்கு இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. மாணவர் விமான நிலையத்தில் இறங்கும் இரவிலும் ஆள் வேண்டும். அறிமுக விழா முடிந்து பந்தல் பிரித்த பிறகும் ஆள் வேண்டும்.

இப்போது நம் கல்லூரிகளின் ஆர்வம் எதில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். க்யூ.எஸ். உலகத் தரவரிசையில் வெளிநாட்டு மாணவர் விகிதத்துக்கு 5 சதவீத மதிப்பு உண்டு. நம் நாட்டின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையிலும் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர் பங்கு கணக்கில் சேர்கிறது. 2018-இல் மத்திய அரசு ‘ஸ்டடி இன் இந்தியா’ திட்டத்தைத் தொடங்கியது. 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு, வெளிநாட்டு மாணவர்களுக்கென அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் 25 சதவீதம் கூடுதல் இடங்களை உருவாக்கிக்கொள்ள வழி திறந்தது. ஆனால் 2022 வரையிலான கணக்கில் எண்ணிக்கை ஏறவில்லை. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2019-20-இல் இந்தியாவில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் 49,348 பேர்; 2020-21-இல் 48,035; 2021-22-இல் 46,878. கரோனா காலத்தின் பாதிப்பு இதில் இருக்கிறது என்பது உண்மை. ஆனாலும், இங்கிருந்து வெளிநாடு போய்ப் படித்த இந்தியர்கள் 13 லட்சத்துக்கும் மேல் இருந்தபோது, வந்தவர்கள் அரை லட்சத்தைத் தொடவில்லை என்பதற்கு கரோனாவை மட்டும் காரணம் காட்ட முடியாது. போய்வந்த ஒரு மாணவர் தன் பல்கலைக்கழகத்தில் அடுத்த ஆண்டு மாணவர்களிடம் என்ன சொல்கிறார் என்பதுதான் எந்த விளம்பரத்தையும் மிஞ்சிய விளம்பரம். அவரிடம் சொல்வதற்கு நாம் என்ன கொடுத்து அனுப்புகிறோம்?

முதல் இரண்டு வாரங்களில் மாணவரை வாட்டுவது காகிதங்கள். 180 நாள்களுக்கு மேற்பட்ட விசாவில் வருகிற மாணவர், வந்த 14 நாள்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். சென்னையில் சாஸ்திரி பவன் வளாகத்தில் இருக்கும் எஃப்.ஆர்.ஆர்.ஓ. அலுவலகத்தைப் பற்றி மாணவர்களிடம் ஒரு காலத்தில் பெரும் பயமே இருந்தது. 2018-இல் இணையவழி முறை வந்தபின் அலைச்சல் குறைந்திருக்கிறது; பதற்றம் குறையவில்லை. தங்க இடம் கொடுப்பவர், வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் உரிய படிவத்தில் தகவல் கொடுக்க வேண்டும். விடுதியில் தங்கினால் அது விடுதிப் பொறுப்பாளரின் கடமை. அவர் ஒரு நாள் விடுப்பில் போனால்கூடப் படிவம் தாமதமாகும். அதன் விளைவு மாணவரின் பதிவில் வந்து நிற்கும். 1939-ஆம் ஆண்டுச் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களை ஒன்றாக்கிக் கொண்டுவந்த குடியேற்றம், வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் பல்கலைக்கழகம் அவரைப் பற்றிய தகவலை அதிகாரிகளுக்குத் தர வேண்டும் என்று அது தெளிவாகவே சொல்கிறது. ஆக, சட்டத்தின் பார்வையில் இது மாணவரின் தனிப்பாடு என்று கல்லூரி ஒதுங்கிக்கொள்ள இடமே இல்லை.

அடுத்தது சிம் கார்டு. கடைக்காரர் முதலில் கேட்பது ஆதார். பாஸ்போர்ட்டும் விசாவும் காட்டினால், உள்ளூரில் தெரிந்தவர் ஒருவரின் விவரம் வேண்டும் என்பார். நேற்றுதான் வந்திறங்கியவருக்கு உள்ளூரில் தெரிந்தவர் யார்? வங்கிக் கதை இன்னும் நீளமானது. வெளிநாட்டு மாணவர்கள் பாஸ்போர்ட், விசா, சேர்க்கைக் கடிதம் இவற்றைக் கொண்டே என்.ஆர்.ஓ. கணக்குத் தொடங்கலாம், உள்ளூர் முகவரிச் சான்றை 30 நாள்களுக்குள் கொடுத்தால் போதும், அதுவரை 1,000 டாலர் வரை வெளிநாட்டிலிருந்து வரவு வைக்கலாம், மாதம் 50,000 ரூபாய் வரை எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி விதி வகுத்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் கல்லூரிக்கு எதிரே இருக்கும் கிளையில் இப்படி ஒரு விதி இருப்பது தெரியாமல், ஆதார் இல்லாமல் கணக்கு இல்லை என்று திருப்பி அனுப்பும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ஊழியரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலை அவருக்கு எப்படி நினைவிருக்கும்? ஜூன் மாதத்திலேயே கல்லூரியிலிருந்து ஒருவர் அந்த விதியின் நகலோடு மேலாளரைப் பார்த்துப் பேசி வைத்தால், ஜூலையில் பத்து மாணவர்களின் அலைச்சல் மிச்சம். டீக்கடை முதல் ஆட்டோ வரை கியூ.ஆர். அட்டையில் பணம் வாங்கும் ஊரில், யு.பி.ஐ. இல்லாத ஒருவர் ஒவ்வொரு நாளும் சில்லறைக்காகச் சங்கடப்படுகிறார். வெளிநாட்டுப் பயணிகளுக்கென 2023-இல் வந்த ‘யு.பி.ஐ. ஒன் வேர்ல்ட்’ வசதி பற்றி அவருக்குச் சொல்லிக்கொடுப்பவரும் இல்லை.

ஜெர்மனியிலும் நம் பிள்ளைகளுக்கு இதே பாடுதான். அங்கே குடிபோன இரண்டு வாரங்களுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும்; விசா வாங்கும்போதே ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். ஆனால் 2023-24-இல் அந்த நாட்டில் படித்த இந்திய மாணவர்கள் 49,000-க்கும் மேல். கோயம்புத்தூரிலிருந்து போகிற பையனுக்கு எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது, எந்தக் கடையில் துவரம்பருப்பு கிடைக்கும் என்று வாட்ஸ்அப் குழுவில் சொல்ல நூறு சீனியர்கள் இருக்கிறார்கள். விமான நிலையத்துக்கே வந்து பெட்டியைத் தூக்கிக்கொள்கிறார்கள். இங்கே வரும் பரிமாற்ற மாணவிக்கு அந்தத் துணை இல்லை. பல சமயம் அவருடைய நாட்டிலிருந்து அந்தக் கல்லூரிக்கு வந்த ஒரே ஆள் அவர்தான். போன வருடம் வந்தவர் போன வருடமே போய்விட்டார். வேறு நாடுகளில் சொந்த நாட்டுக் கூட்டம் தானாகச் செய்துவிடும் வேலையை, இங்கே கல்லூரிதான் திட்டமிட்டுச் செய்தாக வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டு மாணவர்களின் நட்பைப் பற்றி ஸ்டீபன் போச்னர் 1977-இல் ஹவாய்ப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து எழுதியது இங்கே பொருந்தும். அவர்களுக்கு மூன்று வட்டங்கள் இருக்கின்றன என்றார். மனம்விட்டுப் பேசச் சொந்த நாட்டவர். படிப்பு, அலுவல் வேலைகளை முடித்துக்கொள்ள உள்ளூர்க்காரர். பொழுதுபோக்கப் பிற நாட்டவர். உள்ளூர்க்காரரோடு உள்ள உறவு பெரும்பாலும் காரியத்தோடு நின்றுவிடுகிறது. நம் கல்லூரிகளில் முதல் வட்டம் இல்லவே இல்லை, மூன்றாவது மிகச் சிறியது. எஞ்சியிருக்கும் இரண்டாவது வட்டமே மூன்றின் வேலையையும் செய்ய வேண்டும். உள்ளூர் மாணவர் நோட்ஸ் கொடுக்கவும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கூட வரவும் வேண்டும், அழுகை வரும்போது கேட்கவும் வேண்டும். அவ்வளவு பெரிய பொறுப்பை எவரும் கேட்டுக்கொள்ளாமலே ஒரு இருபது வயதுப் பிள்ளை ஏற்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

உலகில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. 1909-இல் நியூயார்க்கில் ஹாரி எட்மண்ட்ஸ் என்ற ஒய்.எம்.சி.ஏ. ஊழியர், கொலம்பியா பல்கலைக்கழக நூலகப் படிக்கட்டில் எதிரே வந்த ஒரு சீன மாணவருக்குக் காலை வணக்கம் சொன்னார். தான் வந்து மூன்று வாரம் ஆகிறது, தன்னிடம் பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்று அந்த மாணவர் சொன்னாராம். எட்மண்ட்ஸ் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்ல, வெளிநாட்டு மாணவர்களை ஞாயிறு மாலைகளில் வீட்டுக்கு அழைக்கும் வழக்கம் தொடங்கியது. அது ஒரு சங்கமாகி, ராக்ஃபெல்லரின் பண உதவியோடு 1924-இல் ‘இன்டர்நேஷனல் ஹவுஸ்’ என்ற பெரிய விடுதியாக எழுந்தது. அதன் சிறப்பு, வெளிநாட்டு மாணவர்களைத் தனியே அடைத்துவைக்காமல், அமெரிக்க மாணவர்களையும் கூடவே குடிவைத்ததுதான். 1930-இல் பெர்க்லியில் இதே போன்ற விடுதி கட்டப்பட்டபோது, பல இனத்தவர் ஒரே கூரையின் கீழ் வாழ்வதா என்று ஊரே எதிர்த்தது. எட்மண்ட்ஸ் பின்வாங்கவில்லை.

ஐரோப்பாவில் 1987-இல் எராஸ்மஸ் திட்டம் 11 நாடுகளோடும் 3,244 மாணவர்களோடும் தொடங்கியது. முதல் ஆண்டுகளில் போய்வந்த மாணவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து, அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திராமல் மாணவர்களே எராஸ்மஸ் மாணவர் வலையமைப்பை உருவாக்கினார்கள். தாங்கள் வேற்றூரில் தவித்ததை மறக்காதவர்கள், தங்கள் ஊருக்கு வருபவருக்கு ஒரு துணையாளை அமர்த்தினார்கள். நம்மிடமும் இது நடக்கக்கூடியதே. பரிமாற்றத்தில் வெளிநாடு போய்வந்த நம் மாணவர்கள் ஒவ்வொரு பெரிய கல்லூரியிலும் இருக்கிறார்கள். போய்வந்ததும் ஒரு கருத்தரங்கில் பவர்பாயின்ட் போடவைத்து அவர்களை விட்டுவிடுகிறோம். முன்பின் தெரியாத ஊரில் இரவு பத்து மணிக்கு அறைச் சாவி வாங்கத் திண்டாடியது அவர்களுக்கு நினைவிருக்கும். அவர்களை விடத் தகுந்த துணை யார்?

துணை மாணவர் ஏற்பாட்டில் நம் வழக்கமான தவறு, முதல் மதிப்பெண் வாங்குபவரைத் தேர்ந்தெடுப்பது. அவருக்கு நேரம் இருக்காது. ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர்தான் வேண்டும் என்பதும் தேவையில்லாத நிபந்தனை. பொறுமையும், மாலையில் வளாகத்தில் இருக்கும் வசதியும் உள்ள விடுதி மாணவர் போதும். ஒருவருக்கு இருவராக அமர்த்தினால் ஒருவர் ஊருக்குப் போனாலும் மற்றவர் இருப்பார். இதை என்.எஸ்.எஸ். பணி போலக் கணக்கில் எடுத்து மதிப்பெண் தரலாம். கைச்செலவுக்குச் சிறு தொகையும் கொடுக்க வேண்டும். பேருந்துக் கட்டணத்தையும் காபிச் செலவையும் மாணவர் தலையில் போட்டுவிட்டு அதைத் தொண்டு என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

விடுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வருகிறவரின் வாழ்க்கை முக்கால்வாசி அங்கேதான். மெஸ்ஸில் காரம் குறைந்த ஒரு வகை, தயிர், முட்டை, பழம் இருந்தால் பெரும்பாலோர் இரண்டு வாரத்தில் பழகிவிடுகிறார்கள். இட்லியும் பொங்கலும் விரைவில் பிடித்துப்போய்விடுகின்றன. சிக்கல் வருவது சாப்பாட்டு நேரத்தில். ஏழரைக்குத் திறந்து ஒன்பதுக்கு மூடும் மெஸ், நோன்பு இருப்பவருக்கும் ஆய்வகத்தில் தாமதமானவருக்கும் ஒத்துவராது. ஒரு மின்கெட்டிலும் சின்னக் குளிர்பெட்டியும் உள்ள பொது அறை இருந்தால் இது தீர்ந்துவிடும். தண்ணீர் எங்கே குடிக்கலாம், எங்கே கூடாது என்று முதல் நாளே காட்டிவிட வேண்டும். இவை சொல்லத் தேவையில்லாத சின்ன விஷயங்கள் என்று தோன்றலாம். யாரும் சொல்லாததால்தான் மாணவர்கள் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு படுக்கிறார்கள்.

பெரிய விஷயம், மாணவியர் விடுதியின் கதவு. மாலை ஆறரை அல்லது எட்டு மணிக்குப் பூட்டப்படும் கதவு. ஆண்கள் விடுதியில் அந்தக் கண்டிப்பு இல்லை. இருபத்தொரு வயதில் தனியாகக் கண்டம் தாண்டி வந்த ஒரு பெண், இது ஏன் என்று கேட்கிறார். பாதுகாப்பு என்கிறோம். அப்படியானால் அண்ணன்மாருக்கு ஏன் இல்லை என்று கேட்கிறார். பல கல்லூரிகள் இதற்குக் கண்டுபிடித்த வழி, வெளிநாட்டு மாணவிக்கு மட்டும் தனி அனுமதிச் சீட்டு கொடுப்பது அல்லது அவரை விருந்தினர் இல்லத்தில் தங்கவைப்பது. இரண்டும் தவறு என்று நினைக்கிறேன். அடுத்த அறையில் இருக்கும் விழுப்புரம் மாணவிக்கு இல்லாத உரிமை இவருக்கு மட்டும் கிடைத்தால், இருவருக்கும் நடுவில் நட்பு எப்படி முளைக்கும்? விருந்தினர் இல்லத்தில் வைத்தாலோ அவர் யாரையும் பார்க்கப்போவதே இல்லை. வெளிநாட்டு மாணவி கேட்ட கேள்வியை நம் மாணவியரும் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இருபாலருக்கும் ஒரே நேரம், உள்ளே வந்ததைப் பதியும் ஒரே ஏற்பாடு என்று மாற்றுவதே சரி.

ஆப்பிரிக்க மாணவர்களைப் பற்றி நாம் பேசத் தயங்குகிறோம். 2016-இல் பெங்களூருவில் தான்சானிய மாணவி ஒருவர் கும்பலால் தாக்கப்பட்டார். 2017-இல் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்கள் அடிக்கப்பட்டார்கள். அது வடக்கே, இது அண்டை மாநிலம் என்று நாம் நிம்மதியடைய முடியாது. கை நீட்டி அடிப்பதற்கு முன்னால் பல படிகள் இருக்கின்றன. வீடு காலி என்று பலகை தொங்கும். ஆளைப் பார்த்ததும் வாடகைக்குப் போய்விட்டது என்பார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கை கடைசி வரை காலியாக வரும். தலைமுடியைக் கேட்காமல் தொட்டுப் பார்ப்பார்கள். ஐரோப்பிய மாணவர் வந்தால் வரவேற்பு விழா, ஐ.சி.சி.ஆர். உதவித்தொகையில் ஆப்பிரிக்காவிலிருந்து முதுகலை படிக்க வந்தவருக்குச் சேர்க்கைப் பிரிவில் வரிசை. ஒரே வளாகத்தில் இந்த இரண்டையும் பார்த்திருக்கிறேன். பார்த்தபோது வெட்கமாக இருந்தது. கல்லூரி என்ன செய்ய முடியும் என்றால், சுற்றுவட்டாரத்து வீட்டு உரிமையாளர்களிடம் தானே பேசி, வாடகை ஒப்பந்தத்துக்குப் பொறுப்பேற்று, ஒரு பட்டியலை வைத்திருக்க முடியும். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு மாணவர்களை அழைத்துப்போய் ஆய்வாளரிடம் அறிமுகப்படுத்த முடியும். நிற வசை பேசிய மாணவரையோ ஊழியரையோ விளையாட்டுக்குச் சொன்னது என்று விட்டுவிடாமல் நடவடிக்கை எடுக்க முடியும்.

நேர் எதிரான ஒரு கவனக்குறைவும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தோ ஈப்போவிலிருந்தோ ஒரு தமிழ் மாணவி வந்தால், நம் பிள்ளைதானே என்று எல்லோரும் உரிமை கொண்டாடுகிறார்கள். அந்த அன்பில் குறையில்லை. ஆனால் அவரும் விசாவில் வந்தவர், அவரும் பதினான்கு நாளில் பதிய வேண்டும், அவருக்கும் ஆதார் கிடையாது. தமிழ் பேசுகிறார் என்பதால் எல்லாம் தெரியும் என்று எண்ணி எவரும் எதையும் எடுத்துச் சொல்வதில்லை. இலங்கை மாணவரிடம் பேச்சுக்குப் பேச்சு போரைப் பற்றிக் கேட்பதும் நடக்கிறது. அவராகப் பேசாத வரையில் அதை விட்டுவிடலாம்.

வகுப்பறை நடைமுறை வந்தவர்களுக்குப் புதிர். ஆசிரியர் நுழைந்ததும் ஏன் எழுந்து நிற்கிறார்கள், சந்தேகம் இருந்தும் ஏன் எவரும் கேட்பதில்லை, ரெக்கார்டு நோட்டில் ஏன் கையால் படம் வரைந்து கையெழுத்து வாங்க வேண்டும், 75 சதவீத வருகை இல்லாவிட்டால் ஏன் தேர்வெழுத முடியாது என்பதெல்லாம் நமக்குக் கேள்வியாகவே தோன்றாதவை. முதல் வாரத்தில் ஒரு மூத்த மாணவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு பழைய வினாத்தாளை விரித்து, இரண்டு மதிப்பெண் கேள்விக்கு எவ்வளவு எழுத வேண்டும், பதினாறு மதிப்பெண் கேள்விக்கு எவ்வளவு எழுத வேண்டும் என்று காட்டினால், முதல் இன்டர்னலில் அவர் தோற்கமாட்டார். பாடத்தில் கெட்டிக்காரரான மாணவர் இந்த வடிவம் தெரியாமல் மதிப்பெண் இழந்து, தனக்குத் தகுதியில்லையோ என்று மனம் கசந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மதுரையிடம் நாம் கற்றுக்கொள்ளலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் தன் மாணவர்களை ஓராண்டு தங்கிப் படிக்க மதுரைக்கு அனுப்பிவந்தது. அவர்கள் கோடையில் தமிழ் அரிச்சுவடி கற்றுக்கொண்டுதான் விமானம் ஏறினார்கள். அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் தமிழ் வகுப்புகளும் மதுரையில்தான் நடக்கின்றன. மாணவர்கள் குடும்பங்களோடு தங்குகிறார்கள். காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்குத் தமிழ் வந்துவிட்டால், அந்த மாணவர் ஊரில் பாதி குடியேறிவிட்டார் என்று பொருள். ஆங்கிலமே போதும் என்று நம் பொறியியல் கல்லூரிகள் நினைக்கின்றன. வகுப்புக்குப் போதும், வாட்ச்மேன், மெஸ் அக்கா, ஆட்டோ ஓட்டுநர், மருந்துக் கடைக்காரர் என்று வாழ்க்கையை நடத்திக்கொடுப்பவர்களிடம் போதாது. முதல் மாதத்தில் முப்பது மணி நேரப் பேச்சுத் தமிழ் வகுப்பை இரண்டு கிரெடிட்டோடு சேர்த்துக் கொடுக்க, தமிழ்த்துறை உள்ள எந்தக் கல்லூரிக்கும் முடியும். தமிழ்த்துறைக்கும் அது பெருமை.

மனச்சோர்வு வந்தால் அடையாளம் காண்பவர் வேண்டும். வகுப்புக்குத் தொடர்ந்து வராத வெளிநாட்டு மாணவரை வருகைப் பட்டியலில் ‘ஆப்சென்ட்’ போட்டு விட்டுவிடாமல், இரண்டாம் நாளே அறைக் கதவைத் தட்ட ஆள் இருக்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் பேசலாம் என்பதை விடுதிச் சுவரில் ஒட்டலாம். ஆனாலும் தெரிந்த முகம் ஒன்று வந்து சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு அது ஈடாகாது.

இத்தனையையும் யார் செய்வது? 2020 தேசியக் கல்விக் கொள்கை, வெளிநாட்டு மாணவர் உள்ள ஒவ்வொரு நிறுவனத்திலும் அவர்களை வரவேற்று உதவத் தனி அலுவலகம் வேண்டும் என்றது. 2021-இல் மானியக் குழுவின் வழிகாட்டுதலும் அதையே சொன்னது. அதன்படி பல இடங்களில் பலகை மாட்டப்பட்டுவிட்டது. உள்ளே இருப்பவர் பெரும்பாலும் ஒரு துறைப் பேராசிரியர்; வாரம் பதினாறு மணி நேரம் பாடம் எடுத்துவிட்டு, புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் கையெழுத்து வாங்கும் வேலையையும் பார்ப்பவர். அவருக்கு வார்டனிடம் உத்தரவிட அதிகாரம் இல்லை, ஒரு காரைக் கூப்பிட நிதி இல்லை. ஒப்பந்தம் போடுபவர் வேறு, மாணவரைக் கவனிப்பவர் வேறு என்று பிரிக்க வேண்டும். கவனிப்பவர் முழுநேர ஊழியராக, இரவில் எடுக்கும் கைப்பேசியோடு, விடுதி, தேர்வுப் பிரிவு, மருத்துவமனை மூன்றிலும் காரியம் நடத்தும் அதிகாரத்தோடு இருக்க வேண்டும். சிறிய கல்லூரிகளுக்குத் தனித்தனியே கட்டுப்படியாகாது என்றால், ஒரு நகரத்தில் ஐந்தாறு கல்லூரிகள் சேர்ந்து ஒருவரை அமர்த்தலாம். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று நான்கு இடங்களில் இதைத் தொடங்கிவைத்தால் செலவு பெரிதாக இராது.

அந்த அலுவலரின் முதல் வேலை மாணவர் வருவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குகிறது. கடைசி வேலை அவர் போன பிறகுதான் முடிகிறது. பரிமாற்ற மாணவருக்குக் கடைசியில் வேண்டியது மதிப்பெண் பட்டியல். ஐரோப்பியக் கணக்கில் ஓராண்டுக்கு 60 கிரெடிட், நம் கணக்கில் பருவத்துக்கு ஏறக்குறைய 20. எதற்கு எது ஈடு என்று பருவம் தொடங்கும் முன்பே இரு பல்கலைக்கழகங்களும் எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். நவம்பரில் தேர்வு எழுதிவிட்டுப் போனவருக்கு, இங்கே திருத்தி முடித்து, முடிவு வெளியிட்டு, கையொப்பமிட்ட பட்டியல் போய்ச் சேர மாதங்கள் ஆகின்றன. அதற்குள் அங்கே அவருடைய அடுத்த பருவம் தொடங்கி, உதவித்தொகை நிறுத்தப்படும் நிலை வந்துவிடுகிறது. இந்தப் பத்துப் பதினைந்து விடைத்தாள்களை மட்டும் முதலில் திருத்தி, டிசம்பருக்குள் தற்காலிகப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்ப எந்த விதியும் தடையாக இல்லை. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். இந்த ஆண்டு வருகிறவர்களுக்காக அதை ஜூலையிலேயே போட்டுவிடலாம்.